முதல்ல சொன்னது யாரு

மனிஷா,

நஞ்சுண்டான்னு ஒரு பையனோட கணக்கு நோட்டுல, கடைசிப் பக்கத்துலேர்ந்து எழுதிட்டிருக்கேன். ராத்திரி ரெண்டு மணி இருக்கும். எங்க வீட்டுல இல்ல, பக்கத்து வீட்டு ரங்கம்மா வீட்டுல தனியா உக்காந்திருக்கேன். எழுத்து கோணலா இருந்தா திட்டாத. விடிஞ்சதும் குண்டலுபேட்டை பஸ்ல தெரிஞ்சவங்க யார் கையிலயாவது குடுத்தனுப்பிடுவேன். ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி இது உனக்கு வந்து சேரணும்.

நீங்க மைசூரை விட்டுப் போனப்புறம்தான் பிரதர் செல்லக்கண்ணு நம்ம சபைக்கு வந்தாரு. பெரிய தீர்க்கதரிசி, தமிழ்நாட்டுக்காரரு, கன்னடம் ஒரு வார்த்தை தெரியாதுன்னு பாஸ்டர் சொன்னாரு. இங்க மண்டி மொஹல்லாவுல சபையில பாதிப்பேர் கன்னடக்காரங்கதான? அவர் தமிழ்ல சொல்லச் சொல்ல கன்னடத்துல சொல்ல ஆள் வேணும்னாங்க. அம்மா முந்திக்கிட்டு என் பேரைக் குடுத்துட்டாங்க.

மொழிபெயர்க்க நிக்கறது எப்பிடின்னு உனக்குத் தெரியும். அவர் கையைத் தூக்கினா நாமளும் தூக்கணும். கத்தினா கத்தணும். அவர் "நான்"னு சொன்னா நாமளும் "நானு"தான். நம்மளை யாரும் பாக்க மாட்டாங்க. ஆனா கன்னடக்காரங்க காதுல விழறது பூரா நம்ம குரல்தான்.

முதல் கூட்டத்துக்கு ரங்கம்மாவை அம்மாதான் கூட்டிட்டு வந்தாங்க. அவங்களுக்குத் தமிழ் சுத்தமா வராது. புருஷன் லாரி டிரைவர், ஆக்சிடென்ட்ல போயிட்டாரு, ரெண்டு வருஷமாச்சு. ஒரே பையன் நஞ்சுண்டா, ஒம்பது வயசு. அவனுக்குச் சர்க்கரை. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ஊசி போட்டே ஆகணும். இவங்க வீட்டுல ஃபிரிட்ஜ் கிடையாது. அதனால மருந்து பாட்டில் கிருஷ்ணராஜோட பால் பூத் ஃபிரிட்ஜுல, பாக்கெட்டுங்களுக்கு நடுவுல இருக்கும். பிளாஸ்திரியில பையன் பேரு எழுதி ஒட்டிருப்பாங்க.

அன்னிக்குப் பிரதர் ரங்கம்மாவைக் கைகாட்டி, "நீ அழுத அழுகை வீணாப் போகலம்மா"ன்னாரு. அவ்வளவுதான். இதை யாருக்கு வேணா சொல்லலாம்ல? ரங்கம்மா கல்லு மாதிரி நின்னாங்க. எனக்குப் பாவமா இருந்துச்சு. நானா ஒரு வரி சேத்துச் சொன்னேன். "ராத்திரி லாரிச் சத்தம் கேட்டா எழுந்து உக்காந்துக்கறியே, அதையும் கர்த்தர் பாக்கறாரு"ன்னு.

எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர்தான். கட்டில் கிறீச்சுன்றது தினம் எனக்குக் கேக்கும்.

ரங்கம்மா அப்பிடியே தரையில விழுந்து அழுதாங்க. ஹால் பூரா அல்லேலூயா. சத்தியமாச் சொல்றேன் மனிஷா, எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. என் வாயில வந்தது ஆவியானவர் குடுத்ததுன்னுதான் நெனைச்சேன். கூட்டம் முடிஞ்சு பிரதர் என் தலையில கை வெச்சு, "அபிஷேகம் உள்ள பிள்ளை"ன்னு அம்மாகிட்ட சொன்னாரு. அம்மா அன்னிக்கி ராத்திரி எனக்கு மட்டும் முட்டை பொரிச்சுக் குடுத்தாங்க.

அப்புறம் வாராவாரம் சேத்தேன். கூட்டத்தையெல்லாம் சபையில கேசட்ல பதிவு பண்ணுவாங்க, அம்மா ஒண்ணு விடாம வாங்கி வெப்பாங்க. தெரிஞ்சவங்க எழுந்து நின்னா வாய் சும்மா இருக்காது. ரங்கம்மா கெம்புத் தோட்டை அடகு வெச்சது, நாத்தனார்கிட்ட பேசாம இருக்கறது, எல்லாம் எங்கம்மாகிட்ட அவங்களே சொன்னதுதான். அவங்க மறந்துட்டாங்க. நான் மறக்கல.

இந்த புதன்கெழமை பிரதர் அவங்களை மேடைக்கே கூப்பிட்டாரு. "உன் வீட்டுல ஒரு பாரம் இருக்கு. இன்னியோட அதை எறக்கி வை"ன்னாரு. நான் கன்னடத்துல, "உன் மகனுக்குத் தினம் குத்தறியே ஸூஜி, அந்த பாரம்"னேன். ஏன் சொன்னேன்னு இப்ப எத்தனை தரம் யோசிச்சாலும் தெரியல. வாய் சூடா இருந்துச்சு, வந்துடுச்சு. உடனே பிரதர் தமிழ்ல, "அந்த ஊசியை இனிமே தொடாதே! பையன் சுகமாயிட்டான்!"னு கத்தினாரு. நானும் அதே வேகத்துல கத்தினேன்.

நேத்து காலைல, அதான் வெள்ளிக்கெழமை, பால் வாங்கப் போனேன். கிருஷ்ணராஜ் ஃபிரிட்ஜைத் தெறந்து காட்டினாரு. "மூணு வேளையா ரங்கம்மா பாட்டில் எடுக்க வரலம்மா. உங்க சபையிலயே ஃபிரிட்ஜ் வாங்கிட்டாங்களா என்ன?"ன்னு சிரிச்சாரு. பிளாஸ்திரியில நஞ்சுண்டா பேரு.

அங்க நின்னப்பதான் இன்னொண்ணு தோணுச்சு. பிரதர் சொன்னது பாரம்னுதான். ஸூஜின்னு நான் சொன்னது கன்னடத்துல. கன்னடமே தெரியாதவருக்கு அடுத்த வரியில ஊசி எங்கேர்ந்து வந்துச்சு?

அப்ப நான் சேத்ததெல்லாம் அவருக்கு முதல் நாள்லேர்ந்தே புரிஞ்சிருக்கு.

சாயங்காலம் அவர் தங்கிருக்கற மாடி ரூமுக்குப் போனேன். டீயில பன்னு நனைச்சுத் தின்னுட்டிருந்தாரு.

"பிரதர், உங்களுக்குக் கன்னடம் தெரியுமா?"

"ஆவியானவருக்குத் தெரியாத பாஷை உண்டா பாப்பா?"

"ரங்கம்மா ஊசியை நிறுத்திட்டாங்க. பையன் காலைலேர்ந்து வாந்தி எடுக்கறான், சுவர் வழியா கேக்குது. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க பிரதர். போடச் சொல்லுங்க."

அவர் பன்னை முழுங்கிட்டு, துண்டுல கையைத் தொடச்சாரு. கோபமே படல. "ஊசின்னு முதல்ல சொன்னது யாரு? கேசட்ல இருக்கு பாரு. நான் பாரம்னேன். மிச்சம் உன் வாய்."

எறங்க ஆரம்பிச்சேன். பின்னாலேர்ந்து, நல்ல தெளிவான கன்னடத்துல, "ஹுஷாராகி ஹோகம்மா, மெட்லு ஜாரத்தே"ன்னாரு. பாத்துப் போம்மா, படி வழுக்கும்னு. நம்ம தெருவுல பொறந்து வளந்தவர் மாதிரி.

நேரா ரங்கம்மா வீட்டுக்குத்தான் போனேன். நஞ்சுண்டா பாயில சுருண்டு கிடந்தான். சொம்பு சொம்பாத் தண்ணி கேக்கறான், குடிச்சதை வாந்தி எடுக்கறான். கிட்டப் போனா வாயில அழுகின பழ வாசனை. "அக்கா, பிரதருக்குத் தப்பாத் தோணிருக்கலாம். ஊசியைப் போட்டுடுங்க"ன்னேன்.

ரங்கம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே. "அவருக்குத் தப்பாத் தோணுமா? லாரிச் சத்தத்துக்கு நான் எழுந்து உக்கார்றது என்னைப் பெத்தவளுக்கே தெரியாது. அதைச் சொன்னவருக்கு என் மகன் விஷயம் தெரியாதா? சைத்தான் உன்னை அனுப்பிச் சோதிக்கறான். போ."

அப்ப நான் உண்மையைச் சொல்லிருக்கணும். சொல்லல. வந்துட்டேன்.

ராத்திரி படுத்தா சுவருக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சு கேக்குது. ஓடி வந்த நாய் இழுக்கற மாதிரி, நீளமா, வேகமா. அண்ணனை உலுக்கினேன். உதயகுமாரைப் பத்தி உனக்குத்தான் தெரியுமே, சபைன்னாலே நக்கல்.

"அண்ணா, தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன். என்ன?"

"நான் ஒரு பொய் சொல்லிட்டேன்."

"ஒண்ணுதானா? ஸ்தோத்திரம். காலைல பேசிக்கலாம்."

அழுதுட்டே எல்லாத்தையும் சொன்னேன். பாதியில எழுந்து உக்காந்துட்டான். நக்கல் நின்னுடுச்சு.

"லாரி விஷயம் நீ சேத்ததுன்னு ரங்கம்மாகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"பின்ன என்னத்தைச் சொன்ன?"

"பிரதருக்குத் தப்பாத் தோணிருக்கலாம்னு..."

"நல்லா இருக்கு. அந்தாளை மட்டும் மாட்டிவிட்டுட்டு நீ நைசா வந்துட்ட."

"சபை முழுக்க என்னையக் கள்ளத் தீர்க்கதரிசின்னு சொல்லுவாங்கண்ணா. அம்மா செத்தே போயிடுவாங்க."

அவன் சுவரைக் காமிச்சான். "அம்மா சாக மாட்டாங்க. அங்க யாரு சாகப் போறான்னு கேக்குதா உனக்கு? எழுந்திரு."

கதவைத் தட்டினோம். ரங்கம்மா முட்டி போட்டு ஜெபம் பண்ணிட்டிருந்தாங்க போல, புடவை மடியில ஈரத்துணி. நான் வாசல்லயே நின்னேன். "நானு"ன்னு ஆரம்பிச்சேன். அண்ணன் முதுகுல கை வெச்சான்.

"லாரிச் சத்தம் விஷயம் நான் சொன்னதுக்கா. அவர் சொல்லல. உங்க கட்டில் சத்தம் எங்க வீட்டுல கேக்கும்."

ரங்கம்மா ஒண்ணொண்ணா கேக்க ஆரம்பிச்சாங்க.

"கெம்புத் தோடு?"

"நீங்க எங்கம்மாகிட்ட சொன்னீங்க. நான் அடுப்பாண்ட இருந்தேன்."

"நாத்தனார்?"

"அதுவும் நான்தான்."

"ஸூஜி?"

"நான்தான் முதல்ல சொன்னேன். அவரும் கேட்டுட்டு, தொடாதேன்னாரு. பால் பூத்துல பாட்டிலைப் பாத்து வெச்சிருந்தேங்கா. கர்த்தர் எனக்கு எதையும் காட்டல."

அடிச்சாங்க. கன்னத்துல மட்டுமில்ல, காதோட சேத்து. இப்பவும் கொய்ங்னு இருக்கு. ரெண்டாவது அடிக்கு கையை ஓங்கினவங்க, அப்பிடியே திரும்பி ஓடி, பையனை வாரித் தோள்ல போட்டாங்க. அவன் தலை தொங்குச்சு. "மகனே, மகனே, கண்ணைத் தெற"ன்னாங்க. தெறக்கல, முனகினான்.

அண்ணன் டிவிஎஸ்ஸைக் கெளப்பினான். ரங்கம்மா பின்னாடி, பையன் ரெண்டு பேர் நடுவுல. பெரியாஸ்பத்திரிக்கு. நானும் ஓடப் போனேன். ரங்கம்மா திரும்பி, "நீ இங்கயே இரு. வீடு தெறந்து கிடக்கு. நான் வர்ற வரைக்கும் எங்கயும் போகக் கூடாது"ன்னாங்க. மன்னிச்சுச் சொன்னாங்களா, தண்டனையாச் சொன்னாங்களான்னு தெரியல. இருக்கேன்.

கால்மணி முன்னாடி அம்மா எட்டிப் பாத்தாங்க. சுவர் வழியா எல்லாம் கேட்டிருக்கும். புதன்கெழமை கேசட்டைக் கொண்டாந்து என் மடியில போட்டுட்டுப் போயிட்டாங்க.

இப்ப உன் விஷயம். ஞாயித்துக்கெழமைக் கூட்டத்துக்கு உன்னை வரச்சொல்லி எஸ்டிடி பூத்துலேர்ந்து ஃபோன் பண்ணிருக்காரு, எனக்குத் தெரியும். ரெண்டு பாஷையும் உனக்கு நல்லா வரும்னு அவர்கிட்ட நான்தான் பெருமையா சொன்னேன். வராதடி. இல்ல, வா. மைக்கை மட்டும் கையில வாங்காத. முதல்ல எங்க வீட்டுக்கு வந்து இந்தக் கேசட்டைக் கேளு. அவர் பாரம், அப்புறம் என் ஸூஜி, அதுக்கப்புறம்தான் அவர் ஊசி. இதே வரிசையில பாஸ்டருக்கும் போட்டுக் காட்டப் போறேன், என் குரலையும் சேத்து. நீ என் பக்கத்துல நின்னா போதும், பேச வேண்டாம்.

அவரைக் கண்டுபிடிக்கறது கஷ்டமில்ல மனிஷா. என்னையக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு ரெண்டு மாசமாச்சு. வாய் சூடானா கொஞ்சம் நிறுத்தி, இது எனக்கு எப்பிடித் தெரியும்னு கேட்டுக்க. நான் ஒரு நாள்கூடக் கேட்டுக்கல.

அவன் பாய் இன்னும் ஈரமா இருக்கு. சொம்புல பாதித் தண்ணி. தெருவுல வண்டிச் சத்தம் கேட்டா எழுந்து உக்காந்துக்கறேன். இதோட நாலு தரம். எதுவும் டிவிஎஸ் இல்ல.

இப்ப ஒண்ணு வருது. இரு.

ஸ்ரீதேவி