எறும்பு பெஞ்சு

எங்கள் வீட்டில் மரம் செதுக்குகிற மெஷின் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் யாரும் என் பக்கம் திரும்புவதில்லை, என் வீட்டுக்காரரைத்தான் பார்க்கிறார்கள். அவரும் உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஆமா, நம்மகிட்டதான் இருக்கு" என்பார். பெட்டி பெட்டியாக அது வந்து இறங்கியபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் உட்கார்ந்து போல்ட் முடுக்கியது அவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்தே மனிதர் இன்னும் காலம் தள்ளுகிறார்.

மற்றதெல்லாம் நான். கம்ப்யூட்டரில் படம் வரைவது, எந்த இடம் எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்று முடிவு செய்வது, மரத்தின் ரேகை பார்த்துப் பலகை எடுப்பது, அதை இறுக்கிக் கட்டுவது, பிட் என்கிற வெட்டுமுனையை மாட்டுவது எல்லாம். ஓட்டிவிட்டால் துணி துவைக்கிற மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஸ்டூலைப் போட்டுக் காது கொடுத்து உட்கார்ந்திருக்க வேண்டும். சத்தம் கீச்சென்று மாறினால் பிட் மழுங்கிவிட்டது. அது எட்டாத மூலைகளை உளியால் எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசி முடிக்கும்போது என் மூக்கிலிருந்து காபி கோப்பை வரை மரத்தூள்தான்.

இத்தனைக்கும் சேர்த்து அவரிடம் ஒரே ஒரு சொல் இருந்தது. "இவ மெஷினைப் பாத்துக்குவா."

வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன், என் மாமியாருக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். அந்த வரிசையில் மெஷினும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பொங்காமல் பார்த்துக்கொள் என்பார்களே, அந்த மாதிரி. பக்கத்தில் நான் நின்றால் போதுமாம், பலகை தானாகப் பூத்துவிடுமாம். கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளைகள் முன்னால் வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

இப்படி இருக்கையில்தான் நூலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். என் அக்கா வீட்டில் நான் செய்த நாற்காலியைப் பார்த்துவிட்டு விலாசம் வாங்கியிருக்கிறார். சிறுவர் அறைக்கு நீளமாக ஒரு பெஞ்சு வேண்டும் என்று முன்பே போனில் சொல்லியிருந்தார். சாய்மானம் முழுக்க ஒரு எறும்பு வரிசை போட்டுப் படம் வரைந்து வைத்திருந்தேன். ஒவ்வொரு எறும்பும் ஒவ்வொரு மாதிரி. நடுவில் ஒன்று மட்டும் திரும்பி நின்று பின்னால் வருவதிடம் ஏதோ கேட்கும். அதைப் பார்த்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"பெஞ்சுக்குப் பின்னாடி செஞ்சவங்க பேரையும் செதுக்கிடணும்" என்றார். "எங்ககிட்ட இருக்கிற புத்தகத்துல எல்லாம் எழுதினவங்க பேர் இருக்கு. பெஞ்சு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

அந்தப் பெயர் எனக்கு வேண்டும். வாழ்க்கையில் எதையும் அப்படி நான் வாய்விட்டுக் கேட்டதில்லை, ஆனால் அது வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"அதுக்கென்ன மேடம், என் பேரைப் போட்டுடலாம்" என்றார் என் வீட்டுக்காரர். கண்ணிமைக்கக்கூட இல்லை. "இவ மெஷினைப் பாத்துக்குவா."

"ஒரு எறும்பு மட்டும் இப்ப செதுக்கிக் காட்ட முடியுமா?" என்று அந்த அம்மா ஆசையாகக் கேட்டார்.

"தாராளமா! பட்டனைத் தட்டினா முடிஞ்சுது."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வழக்கம்போல நான் எழுந்துபோவேன் என்று நினைத்திருப்பார். நான் அசையவில்லை. "பட்டன்தானே, நீங்களே தட்டுங்க" என்றேன்.

விருந்தாளி முன்னால் பின்வாங்க முடியுமா? போனார். அருமையான தேக்குத் துண்டு ஒன்று, நான் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்திருந்தது, அதைக் கொண்டுபோய் மாட்டினார். பிட்டின் நுனியை மரத்தின் மேல்முகத்தில் தொடவைத்து, இதுதான் ஜீரோ என்று மெஷினுக்குச் சொல்ல வேண்டும். இவர் பலகைக்குப் பக்கத்தில், கீழே மேடையில் தொடவைத்தார். மெஷினுக்கு என்ன தெரியும், மரமே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

பட்டனைத் தட்டினார். பிட் சல்லென்று ஓடிப் பலகையின் பக்கவாட்டில் முட்டியது. ஒரு அலறல். பலகை பிய்த்துக்கொண்டு திரும்பியது, உடைந்த துண்டு மெஷினின் கண்ணாடி மூடியில் வந்து மோதியது. நான்தான் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்து நிறுத்தினேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ கொஞ்சம் பாத்துக்கக் கூடாதா?"

ஒழுங்காக வந்தால் அவர் செய்தது, உடைந்தால் நான் பார்த்துக்கொள்ளாதது. என்ன கணக்கு இது! இத்தனை வருஷம் கடித்த பல்லை அப்போதுதான் விட்டேன்.

"பாத்துக்கிட்டுதாங்க இருந்தேன். ஜீரோவை நீங்க தப்பா வைக்கும்போதே பாத்தேன்."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"செய்யறவர் நீங்க. உங்களுக்கு நான் என்னத்தைச் சொல்றது?"

நூலகத்து அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "எப்பம்மா ஆரம்பிக்கிறீங்க?" என்று என்னைக் கேட்டார்.

எறும்புகள் ஊர்ந்து முடிக்க வெகுநாள் பிடித்தது. கடைசியில் சாய்மானப் பலகையைக் கவிழ்த்து மெஷினில் மாட்டிப் பெயருக்கு உட்கார்ந்தபோது, என் வீட்டுக்காரர் காபி போட்டு எடுத்து வந்தார். அவராகப் போட்டது. பக்கத்தில் நின்றார்.

"ரெண்டு பேர் பேரையும் போட்டுடலாமே" என்றார் மெதுவாக. "நம்ம குடும்பம்தானே."

உள்ளேயிருந்து மாமியார், "விட்டுக்கொடுத்தா நீ என்ன குறைஞ்சா போயிடுவ?" என்றார்.

இடம் இருந்தது. இன்னொரு பெயரைக் கம்ப்யூட்டரில் தட்ட எவ்வளவு நேரமாகும்? அவர் முகமும் பாவமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒருவர் செய்ததில் இன்னொருவர் பங்கு கேட்பார், கொடுக்காவிட்டால் கொடுக்காதவள்தான் கல்நெஞ்சக்காரி. என்ன நியாயம்?

"காபி நல்லாருக்கு. நீங்கதான் போட்டீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்" என்றேன்.

என் பெயரை மட்டும் தட்டினேன். எழுத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஆழமே தாராளம். மூன்று மில்லி வைத்து ஓட்டிவிட்டேன்.