சிவப்புக் கோடு போட்ட பெயர்கள்

மார்ச் 12, செவ்வாய்

ஒரு தவறு செய்துவிட்டேன். சிறியது என்றுதான் முதலில் நினைத்தேன்.

கல்லூரி வரலாற்றுப் புத்தகத்தில் மாலை வகுப்பைப் பற்றிய பக்கம் என் பொறுப்பு. அறுபது ஆண்டுக்கு முந்தைய முதல் பேட்ச்சின் பட்டறைப் பதிவேட்டில் முப்பத்தொரு பெயர்கள். இருபத்து மூன்றின் மேல் சிவப்புக் கோடு. மூன்று முறை எண்ணினேன். ‘இருபத்து மூன்று பேர் பாதியில் விலகினர்’ என்று எழுதி, பெயர்களையும் கீழே சேர்த்தேன்.

இன்று வகுப்புக்கு முன் அரம் வாங்கப் பட்டறை ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர் அக்கா அரத்தைத் தரவில்லை. கையில் என் பக்கத்தின் மெய்ப்பு.

“வாங்க சார். எங்கப்பா எப்ப படிப்ப விட்டாரு?”

பதிவேட்டில் பதினேழாம் எண் அவருடைய அப்பாவாம்.

“பேர் மேல கோடு இருந்துச்சுக்கா...”

“கடைசி வேலைய முடிச்சுக் குடுத்தாதான் கோடு. இன்னைக்கும் அதான் வழக்கம்.”

எங்கள் வகுப்புப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். நான்கு பெயர்கள் மேல் கோடு. நால்வரும் முடித்தவர்கள்.

“உன் பேரு பளிச்சுனு இருக்கு பாரு. ஏன்? நீ இன்னும் முடிக்கல. எண்ணத் தெரிஞ்ச புள்ளைக்கு வாயத் தொறந்து கேக்கத் தெரியல!”

தலை குனிந்தேன். அக்காவின் குரல் இறங்கியது.

“புத்தகம் எப்ப வரும்னு அப்பா தினம் கேக்குறாரு தம்பி. இதையா கொண்டுபோய் நீட்டுறது?”

பழைய அலமாரியைத் திறந்தோம். முதல் பேட்ச்சில் ஒவ்வொருவரும் கடைசி வேலையாக அரத்தால் தேய்த்துச் செய்த இரும்புச் சதுரம், அது பொருந்தும் துளைத் தகடு. இரண்டிலும் பதிவேட்டு எண் குத்தியிருந்தது. பதினேழை அக்கா பொருத்தி, விளக்கின் முன் பிடித்தார். இடுக்கில் துளி வெளிச்சம் வரவில்லை.

“உன்னோடதுல பஸ்ஸே போகும்,” என்றார்.

இருவரும் சிரித்துவிட்டோம். பிறகுதான் பயம் வந்தது. நாளை பத்து மணிக்குப் பக்கங்கள் அச்சகத்துக்குப் போகின்றன.

“துறைத்தலைவர் திட்டுவாராக்கா?”

“திட்டுவாரு. வாங்கிக்க. ஆனா வரிய மாத்தாம வெளிய வராத.”

அரத்தைக் கொடுத்தார்.

நாளை: வேலையில் அரை நாள் விடுப்பு சொல்ல வேண்டும். ஒன்பது மணிக்குப் பதிவேடு, பதினேழாம் எண் சதுரம், தகடு எல்லாவற்றுடனும் துறைத்தலைவர் அறையில் நிற்க வேண்டும். ‘பாதியில் விலகினர்’ என்பதை அடித்து ‘முடித்தனர்’ என்று எழுத வேண்டும். கோடு இல்லாத எட்டுப் பேரைப் பற்றி, கேட்காமல் எதுவும் எழுதக் கூடாது.