நாற்பத்தாறு சைஸ் மாப்பிள்ளை

ரெட்டியார்பாளையம் ராஜாங்கத்துக்கு வாய்த்த மாப்பிள்ளை குணத்தில் தங்கம், உடம்பில் நாற்பத்தாறு சைஸ். குணத்தால் ஒரு தொந்தரவும் வரவில்லை. சைஸால்தான் இந்த வருஷம் தலை தீபாவளியே ஆட்டம் கண்டுவிட்டது.

தலை தீபாவளி என்றால் மாப்பிள்ளை பெண் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, மாமனார் எடுத்த புதுத்துணியை உடுத்திக்கொண்டு உட்கார வேண்டும். வேட்டி எந்த உடம்புக்கும் சுற்றும். சட்டை சுற்றாதே. ராஜாங்கம் பத்து நாள் முன்னாலேயே கிளம்பி நேரு வீதி, காந்தி வீதி என்று ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினார். எங்கேயும் நாற்பத்திரண்டோடு சரி. மழையில் பாலம் உடைந்து திருப்பூர் லாரிகள் வழியிலேயே நின்றுவிட்டனவாம். கடை அலமாரிகளில் துணி இருந்த இடத்தில் பலகை தெரிந்தது. தையல்காரர்களோ, "பொங்கலுக்கு வேணா வாங்க" என்று சிரிக்காமல் சொன்னார்கள்.

கடைசியில் காந்தி வீதிக் கடைக்காரர் ஒருவர் மனமிரங்கினார். சந்தனக் கலரில் நாற்பத்தாறு சைஸ் போட்ட பண்டல் ஒன்று தனக்கு வர வேண்டியிருக்கிறது, ஊர் எல்லையில் இருக்கும் மேட்டுப்பாளையம் லாரி ஆபீசில் வந்து இறங்கும் என்று சொல்லி, அந்த ஆபீஸ் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார். தான் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதாகவும், வேண்டுமானால் இனிமேல் ராஜாங்கமே கேட்டுக்கொள்ளட்டும் என்றும் சொன்னார்.

ராஜாங்கம் கேட்டார். மூலக்குளத்தில் ஒரு அப்பார்ட்மெண்டில் அவருக்கு வாட்ச்மேன் வேலை. தினமும் காலை பத்து மணிக்கு கேட்டருகே நாற்காலியில் உட்கார்ந்து லாரி ஆபீசுக்குப் போன் போட்டுக் காய்ச்சினார்.

"ஏன்யா, நீங்கல்லாம் லாரி ஓட்றீங்களா, இல்ல கட்ட வண்டி ஓட்றீங்களா?"

"வந்துரும் சார்" என்றது மறுமுனை, லாரி இரைச்சலுக்கு நடுவே.

"எங்க மாப்ள ஆளு ஆன மாதிரி இருப்பாரு. அவரு சைசுக்கு இந்த ஊர்லயே சட்ட கெடையாது, தெரியுமா?"

"தெரியும் சார்."

"என்னா தெரியும் ஒனக்கு?"

அந்த ஆள் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. பேசாதவனைத் திட்டுவதில் ஒரு சுகம் உண்டு. ராஜாங்கம் ஆறு நாளும் குறை வைக்கவில்லை. நடுநடுவே மகள் சிந்துஜாவைப் பற்றியும், தான் வேலை பார்த்த மில்லை மூடியதைப் பற்றியும், தன் முட்டி வலியைப் பற்றியும்கூடச் சொல்லிவிட்டார்.

தீபாவளிக்கு முந்தின நாளும் பண்டல் வரவில்லை. ராஜாங்கம் லீவு போட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கே போனார். குடோன் வாசலில் நின்று, "இங்க போன் எடுக்கறவன் எவன்யா?" என்று ஒரு சத்தம் போட்டார்.

மூட்டைக் குவியலின் மேலே நின்ற மலை போன்ற ஆள் ஒருவன் திரும்பினான். அது அவருடைய மாப்பிள்ளை பிரேம்குமார்.

"வாங்க மாமா" என்றான் அவன்.

ராஜாங்கம் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவசரமாக இறக்கிவிட்டார். மாப்பிள்ளைக்கு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை என்பது தெரியும். எந்தக் கம்பெனி என்று துருவினால் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடும் என்று கேட்காமல் விட்டிருந்தார். அவர்கள் பக்கத்தில் மாமனாரும் மாப்பிள்ளையும் பேசிக்கொள்வதே குறைவு. அப்படி ஒதுங்கியிருப்பதுதான் மரியாதை. அதனால் அவருக்கு மாப்பிள்ளையின் குரலே பழகவில்லை.

"நீங்களா மாப்ள... போன்ல?"

"நான்தான் மாமா. மொத நாளே உங்க கொரலு தெரிஞ்சிடுச்சி."

"சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க அப்பறம் போன் பண்ணவே மாட்டீங்க. கல்யாணமாயி எட்டு மாசத்துல 'வாங்க மாப்ள, சாப்டீங்களா'ங்கறதத் தவுத்து நீங்க எங்கூட என்னா பேசியிருக்கீங்க? போன்லதான் நல்லா பேசுனீங்க."

ராஜாங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குள் பிரேம்குமார் அடுத்த குண்டைப் போட்டான். அன்று காலையில்தான் மூன்று லாரி ஒன்றாக வந்திருக்கிறது. லோடு ஆட்கள் எல்லாம் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இரண்டே பேர். குடோன் காலியாகும்வரை சூப்பர்வைசர் நகரக் கூடாது என்பது முதலாளி உத்தரவு.

"நாளைக்கி நான் வர்றது சந்தேகந்தான் மாமா. சிந்துஜாகிட்ட இன்னும் சொல்லல."

சட்டை இல்லாத தலை தீபாவளியைக்கூடச் சமாளிக்கலாம். மாப்பிள்ளை இல்லாத தலை தீபாவளியில் மகள் யாரோடு உட்காருவாள்?

"நம்ம பண்டல மட்டும் மொதல்ல எடுத்துட்டு..."

"அது மட்டும் முடியாது மாமா. வரிசப்படிதான். எல்லாக் கடையும் நம்மள மாதிரிதான காத்துக்கெடக்கு?"

ராஜாங்கத்துக்குக் கோபம் வந்தது. அடுத்த நிமிஷமே, மகளுக்கு நேர்மையான ஆள்தான் கிடைத்திருக்கிறான் என்ற பூரிப்பும் வந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மில்லில் இருபது வருஷம் துணி பேல் கட்டிய ஆள் அவர். முட்டி வலியை வாசலிலேயே விட்டுவிட்டு லாரி மேல் ஏறினார்.

"ஏய், கயித்தப் புடிச்சித் தூக்காத. அடில கையக் குடு, அடில!"

அது மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னது. வேலை மும்முரத்தில் மரியாதை எங்கோ மூட்டைக்கு அடியில் போய்விட்டது. மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே அடியில் கையைக் கொடுத்தான். வில்லியனூர், தவளக்குப்பம், நேரு வீதி என்று பண்டல்கள் பிரிந்து பிரிந்து போயின. நான்கு பேரும் ஒரே தூக்குவாளியிலிருந்து டீ குடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் குடோன் காலி. கடைசி நடையில் காந்தி வீதிப் பண்டலோடு மாமனாரும் மாப்பிள்ளையுமே போய் இறங்கினார்கள்.

கடைக்காரர் பிரித்தார். நாற்பத்தாறு சைஸ் இருந்தது. சந்தனக் கலர்தான் இல்லை. வந்ததெல்லாம் கிளிப்பச்சை.

ராஜாங்கத்தின் முகம் விழுந்துவிட்டது. பிரேம்குமார் சட்டையை மார்பில் வைத்துப் பார்த்து, "நல்லாத்தான மாமா இருக்கு" என்றான். அப்புறம் குவியலில் கைவிட்டு, அதே பச்சையில் நாற்பது சைஸ் ஒன்றையும் எடுத்தான்.

"இது யாருக்கு?"

"உங்களுக்கு."

"மாப்ளகிட்ட மாமனாரு துணி வாங்கறது மொறயில்ல."

"எங்கப்பா போயி பன்னெண்டு வருசமாச்சி மாமா. தீபாவளிக்கி நான் துணி எடுத்துக் குடுக்க அப்பா எடத்துல வேற ஆளில்ல. வாங்கிக்குங்க."

ராஜாங்கம் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

விடிந்ததும் மாமியார் அஞ்சலாட்சி, மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைக்க ஸ்டூல் போட்டு ஏறி நின்றாள். குளித்து வந்து இரண்டு ஆண்களும் கிளிப்பச்சையில் நின்றதைப் பார்த்து, சிந்துஜா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பலகாரத் தட்டு ஆடியது. தெருவுக்குச் சரவெடி கொளுத்த வந்தபோது எதிர்வீட்டுக் கோவிந்தராசு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"என்னா ராஜாங்கம், ஒனக்கும் அதே பச்சயா? மாப்ள எடுத்துக் குடுத்தாரா? மொறயில்லயே."

"ஒம் மாப்ளகிட்ட கேட்டுப் பாரு, குடுக்கறாரான்னு" என்றார் ராஜாங்கம். பிறகு பத்தியைப் பிரேம்குமாரின் கையில் கொடுத்து, "கொளுத்துப்பா" என்றார்.