திருப்பி மாட்டிய டயர்கள்

என் மனைவி கெல்சியை அடக்கம் செய்த அன்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு போட்டார்கள். ஹாம் வைத்த பன், சீஸ் ஊற்றி வேகவைத்த உருளைக்கிழங்கு, மூன்று நிறங்களில் ஜெல்லி. என் தட்டில் யாரோ எல்லாவற்றையும் வைத்தார்கள். மாமனார் வெர்ன் ராடமாக்கர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அவளோட டிராக்டரை நாங்க எடுத்துட்டுப் போய் சரி பண்றோம், வெஸ்."

சரி என்றேன். அன்று என் சிறுநீரகத்தைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அது மார்ச் மாதம். பூங்காவின் பம்ப் அறையில், வேலை நேரத்தில், அவள் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது. வயது முப்பத்தொன்று. ஜூலையில், சனிக்கிழமை டிரெய்லரோடு வருவதாக அவள் அண்ணன் ட்ராய் செய்தி அனுப்பியபோதுதான், எதற்குச் சரி சொன்னேன் என்று யோசித்தேன்.

டிராக்டர் 1967-ல் செய்த வீல் ஹார்ஸ். புல் வெட்டவும் பனி தள்ளவும் செய்த சின்ன வண்டி. பானெட் என் இடுப்புக்குத்தான் வரும். இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் சவுத் பெண்டில் செய்தார்கள். எங்கள் பக்கத்துக் கொட்டகைகளில் பாதிக்கு ஒன்று கிடக்கும். நிறம் சிவப்பு. வெர்ன் தலைவராக இருக்கும் தோட்ட டிராக்டர் சங்கத்தில், எந்த வருடத்து வண்டிக்கு எந்தச் சிவப்பு என்பதற்காக இரண்டு பேர் ஆறு வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள்.

கெல்சியின் வண்டி நீலம். நகராட்சிப் பூங்காவில் பராமரிப்பு வேலை பார்த்தாள். நீச்சல்குளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் அது. முன்பக்கக் கிரில், எங்கள் பழைய அடுப்புக்குள் இருந்த கம்பித்தட்டு. இருக்கை ஒரு மீன்பிடிப் படகிலிருந்து வந்தது. அதை நான்கு அங்குலம் பின்னால் தள்ளி வெல்டு வைத்திருந்தாள். பின்சக்கரத்து டயர்கள் இரண்டையும் திருப்பி மாட்டியிருந்தாள்.

டிராக்டர் டயரில் வரிகள் அம்புமுனை போல இருக்கும். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் முனை மேல் நோக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் முன்னால் போகும்போது மண்ணைப் பிடிக்கும். இதில் கீழ் நோக்கும். எங்கள் ஊரில் ஒருவன் பெண்டாட்டியைப் பிரிந்தால் ஒரு வாரம் விட்டுத்தான் கேட்பார்கள். டயரைத் திருப்பி மாட்டிக்கொண்டு வந்தால் டிரெய்லரிலிருந்து இறக்குவதற்குள் சொல்லிவிடுவார்கள். சங்கத்தின் ஒவ்வொரு ஆகஸ்ட் கண்காட்சியிலும் இருபது பேராவது அவளிடம் சொன்னார்கள். "தெரியும்," என்பாள். சொல்லிவிட்டு எலுமிச்சை ஜூஸை உறிஞ்சுவாள்.

ஏன் என்று நானும் ஒருமுறை கேட்டேன். "எனக்கு இப்படித்தான் வேணும்," என்றாள். தப்பை ஒத்துக்கொள்ள மனமில்லை என்று நினைத்துக்கொண்டேன். மேலே கேட்கவில்லை.

வெர்னின் திட்டம் இது: காற்றழுத்தத்தில் மணல் அடித்து நீலத்தை உரிப்பது. தொழிற்சாலைச் சிவப்பு அடிப்பது. அசல் கிரில், அசல் இருக்கை. டயரைத் திருப்புவது. ஓரத்தில் அவள் பெயர் வெட்டிய பித்தளைத் தகடு. இந்த ஆகஸ்ட் கண்காட்சியில் வீல் ஹார்ஸுக்குத்தான் முதல் மரியாதை. ஊர்வலத்தில் சிவப்பு வரிசைக்கு முன்னால் அந்த வண்டி போக வேண்டும்.

சனிக்கிழமை காலை ட்ராய் வந்தான். மூன்று நாள் மழை அப்போதுதான் விட்டிருந்தது. எங்கள் கொட்டகை வீட்டுக்குக் கீழே, சரிவின் அடியில், ஓடையை ஒட்டி இருக்கிறது. டிரெய்லரைக் கீழே கொண்டுபோனால் திரும்பி வராது. மேலேயே நிறுத்திவிட்டு இறங்கினோம்.

"இன்னும் இந்தக் கண்றாவி நீலம் மங்கவே இல்லையே," என்றான் ட்ராய். "குளத்துப் பெயிண்ட். மணல் அடிக்கறவன் என்னைத் திட்டப் போறான்."

அவள் விட்ட மாதிரியே வண்டி மூக்கை உள்ளே நீட்டி நின்றது. மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. மார்ச்சுக்குப் பிறகு நான் அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை. கையைப் பேன்ட் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ட்ராய் பின்னால் எடுத்து வெளியே வந்தான். கொட்டகை வாசலுக்கும் ஓடைக்கும் நடுவே வண்டி திரும்ப இடம் கிடையாது. அவன் திருப்பினான். முன்னால் ஒரு அடி, பின்னால் ஒரு அடி. இருபது நிமிடம் ஆனது. ஒருமுறை முன்சக்கரம் ஓடைக்குள் இறங்கியது.

"அப்படியே ரிவர்ஸ்ல ஏத்திடேன்," என்றேன்.

"காலேஜ்ல டிராக்டர் ஓட்டவும் சொல்லித் தந்தாங்களா?"

நான் பர்டூ பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவன். மாவட்ட நிர்வாகத்துக்காகக் குடிநீர் சோதிக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு என் பெயர் காலேஜ்.

முகத்தை மேட்டுக்குக் காட்டி முடுக்கினான். பாதிச் சரிவில் டயர்கள் சும்மா சுற்றின. சேறு அவன் முதுகு வரைக்கும் தெறித்தது. கீழே வந்து வேகம் கூட்டி மறுபடி ஏறினான். இந்த முறை ஒரு பக்கம் பிடித்தது. முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. கிளட்சை மிதித்து வழுக்கியபடியே கீழே வந்து சேர்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"பாத்தியா? டயரைத் திருப்பி மாட்டினா இதான் கதி. சீட்டையும் பின்னால தள்ளி வச்சிருக்கா. ஆளைக் கொல்ற வண்டி. எத்தனை தடவை சொல்லியிருப்பேன் அவகிட்ட."

"இறங்கு," என்றேன்.

"நீயா? சரி. ஆம்புலன்ஸுக்கு நான் போன் போட்டுக்கறேன்."

மேட்டுக்கு முதுகைக் காட்ட வண்டியைத் திருப்பினேன். எனக்கும் நேரம் பிடித்தது. பிறகு ரிவர்ஸ் போட்டு, ஒரு கையைச் சக்கர மறைப்பின் மேல் ஊன்றி, தலையைத் திருப்பி வீட்டைப் பார்த்தேன். கிளட்சை விட்டேன்.

வழுக்கவில்லை. வரிகள் இப்போது மண்ணைக் கடித்தன. என் கனம் முழுக்கப் பின் அச்சின் மேல் இருந்தது. அதற்காகத்தான் இருக்கை அங்கே இருந்தது. ஒரே சீராக, நடக்கிற வேகத்தில் மேலே வந்தேன். எதிரே சமையலறை ஜன்னல் பெரிதாகிக்கொண்டே வந்தது.

நான்கு வருடம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் நின்று பாத்திரம் கழுவியிருக்கிறேன். அவள் மேலே வருவதைப் பார்த்திருக்கிறேன். பின்னால் திரும்பிப் பார்த்தபடிதான் வருவாள். அதனால் எப்போதும் முகம் தெரியும். விளையாட்டுக்குச் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

மேலே வந்து எஞ்சினை அணைத்தேன். ட்ராய் சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி ஏறி வந்தான்.

"சரி, டிரெய்லர் பலகையில ஏத்து," என்றான்.

"இல்ல."

"என்ன இல்ல?"

"வண்டி போகாது."

"அன்னைக்குச் சரின்னு சொன்னல்ல?"

"சொன்னேன். இப்ப இல்லைங்கறேன்."

"அப்பா கிரில் வாங்கி வச்சிருக்காரு. கென்டக்கி வரைக்கும் போய் வாங்கினாரு."

"அவரே வச்சுக்கட்டும்."

என்னைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. காலி டிரெய்லர் சாலை வரைக்கும் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு போனது.

மறுநாள் வெர்ன் தனியாக வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"இது என் டிராக்டர். அவளுக்குப் பதினாறு வயசானப்ப கொடுத்தேன். சிவப்பாத்தான் கொடுத்தேன்."

"கொடுத்துட்டீங்க."

"நானும் அவளும் சேர்ந்துதான் அந்தச் சிவப்பை அடிச்சோம். ரெண்டு வாரம் தேய்ச்சோம். கல்யாணம் முடிஞ்சு இங்க வந்ததும் அது மேல இந்தக் குளத்துத் தண்ணிய அடிச்சிட்டா. ஏன்னு ஒரு வார்த்தை சொல்லல."

"கேட்டீங்களா?"

அவர் டயரைப் பார்த்தார். நானும் கேட்காதவன்தான். அதைச் சொல்லவில்லை.

"அவளுக்கு ஒரு மரியாதை செய்யணும்னு பார்க்கறேன், வெஸ். ஊர் பார்க்கட்டும்னு."

"ஊர் பார்க்கும். நானே கொண்டு வர்றேன். இதே மாதிரி."

"சிவப்பு வரிசைல இது போகாது."

"பார்க்கலாம்."

"டயரையாவது திருப்பு. பார்க்கறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும்."

டயர் ஏன் அப்படி என்று அவருக்கு நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் கெஞ்சுவது போல இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் இரண்டாம் சனி. கண்காட்சி மைதானத்தில் எழுபது வண்டிகள். பொரித்த மாவும் சர்க்கரையும் பெட்ரோலும் கலந்த வாசனை. ஊர்வலத்தில் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு அட்டை உண்டு. வருடம், மாடல், சொந்தக்காரர், செய்த வேலை. வண்டி மேடைக்கு எதிரே வரும்போது அதை மைக்கில் வாசிப்பார்கள். அட்டையில் எழுதியதை எழுதியபடி வாசிக்க வேண்டும். கூட்டவும் குறைக்கவும் கூடாது. அந்த விதியைப் போட்டவர் வெர்ன். இருபத்திரண்டு வருடமாக வாசிப்பவரும் அவர்தான்.

அட்டையை நிரப்பிக் கொடுத்துவிட்டுச் சிவப்பு வரிசையில் போய் நின்றேன். முப்பது சிவப்பு, ஒரு நீலம்.

"தம்பி, குளத்துல விழுந்துட்டியா?" என்றார் பின்னால் இருந்த கிழவர்.

"குளிச்சுட்டு வந்திருக்கேன்."

"டயர் திருப்பி இருக்கு."

"தெரியும்."

வாயிற்படலில் ட்ராய் நின்றான். சங்கத்தின் ஆரஞ்சுச் சட்டை, கையில் கொடி.

"மாத்திச் செஞ்ச வண்டிக்கெல்லாம் கடைசி வரிசை, காலேஜ். அங்க போ."

"இது வீல் ஹார்ஸ்."

"இது நீச்சல்குளம்."

"நகரு, ட்ராய்."

அவன் நகரவில்லை. நான் கிளட்சை விட்டேன். வண்டி வேகமாகப் போகிற ஜாதி இல்லை. அவனுக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்தது. கடைசி நொடியில் கால் விரல்களைக் காப்பாற்றிக்கொண்டு ஒதுங்கினான்.

புல்வெளியைச் சுற்றி மேடைக்கு எதிரே வந்தேன். வெர்ன் அட்டையைக் கையில் எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்தார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு, வீல் ஹார்ஸ்." ஒலிபெருக்கியில் அவர் மூச்சு கேட்டது. "சொந்தக்காரர், கெல்சி ராடமாக்கர். ஓட்டுபவர், அவள் கணவன். பெயிண்ட், மில்ஃபோர்க் நகராட்சி நீச்சல்குளம். கிரில், சமையலறை அடுப்பு. இருக்கை, படகு." நிறுத்தினார். "நன்றி. அடுத்தது..."

நான் பிரேக்கை மிதித்தேன்.

அட்டையில் இன்னும் ஒரு வரி இருந்தது. எஞ்சினை அணைக்காமல் அவரைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

"என்னப்பா, பெட்ரோல் தீர்ந்துபோச்சா?" என்றார் பின்னால் இருந்த கிழவர். "தள்ளணுமா?"

"இல்ல."

"அப்ப போயேன். வெயில்ல என் மண்டை காயுது."

வெர்ன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். "போ, வெஸ்."

"மீதியையும் வாசிங்க."

"அது வேணாம்."

"உங்க விதி."

யாரோ ஹாரன் அடித்தார்கள். இன்னொருவர் அடித்தார். கூட்டத்தில் ஒருவன், "வாத்தியாரே, ஹோம்வொர்க் முடிக்கலையா?" என்று கத்தினான். அது எனக்கா அவருக்கா தெரியவில்லை. நான் ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு அன்று வேறு வேலை இல்லை. அடுத்த வாரமும் இல்லை.

வெர்ன் அட்டையைத் திரும்ப எடுத்தார். அந்த வரியை முதலில் மனதுக்குள் வாசித்தார். உதடு அசைந்தது. மேடையிலிருந்து குனிந்து வண்டியைப் பார்த்தார்: டயரை, பின்னால் தள்ளிய இருக்கையை. எங்கள் கொட்டகை எங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதற்கு மரச்சட்டம் அடித்துக் கட்டியதே அவர்தான்.

கையை எடுத்தார்.

"பின் டயர்கள்," என்று வாசித்தார். "சரியாக மாட்டப்பட்டுள்ளன. கொட்டகையிலிருந்து வீட்டுக்கு, ரிவர்ஸில் மேடேறுவதற்காக."

ஹாரன்கள் நின்றன. யாரும் கைதட்டவில்லை. நான் பிரேக்கை விட்டேன்.

சாயங்காலம் வண்டியை டிரெய்லரில் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். கட்டை விரலால் பானெட்டை ஒருமுறை தடவினார்.

"எனக்கு இன்னும் இந்தக் கலர் பிடிக்கல."

"பிடிக்க வேணாம்."

"அந்தக் கிரிலை நான் திருப்பிக் கொடுக்கப் போறதில்ல. உன் கொட்டகைல வச்சுட்டுப் போவேன்."

"வைங்க. மாட்ட மாட்டேன்."

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"காத்து எவ்வளவு?"

"ஏழு பவுண்டு. சக்கர மறைப்புக்கு உள்பக்கம் எழுதி வச்சிருக்கா."

"ரிவர்ஸ்ல ஏத்தறதுக்கு ஆறு போதும். இன்னும் நல்லாப் பிடிக்கும்."

"ஏழுதான்," என்றேன்.

அவர் தலையாட்டினார். சரி என்றா, உன்னிடம் பேசிப் பயனில்லை என்றா, தெரியாது. இன்னொரு பக்கத்துக் கயிற்றை எடுத்து அவரே இறுக்கினார்.