நகலில் ஒரு வாசல்

தண்ணீர்ப் பம்பு செய்யும் அந்தத் தொழிற்சாலையைக் கணினிக்குள் அச்சு அசலாகக் கட்டி முடித்த திங்கட்கிழமை, யாரும் வரையாத ஒரு பெண் அதன் ஏழாவது மேடையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கணினிக்குள் இருந்த அந்தத் தொழிற்சாலைக்கு அலுவலகத்தில் டிஜிட்டல் ட்வின் என்று பெயர். மற்ற எல்லோருக்கும் நகல். நிஜத் தொழிற்சாலைக் கூடத்தில் இருந்த ஒவ்வொரு இயந்திரக் கையும் நகலிலும் இருந்தது. நகலில் எப்படி அசைந்ததோ அப்படியே கூடத்திலும் அசைந்தது. அதைக் கட்டிய பொறியாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு அவளை அழித்தார். மூன்று முறை அழித்தும், தேநீர் இடைவேளை முடிந்ததும் அவள் வந்து உட்கார்ந்துவிட்டாள். யாரென்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. வளையக்கா. பம்பு மூடிக்கு அடியில் ரப்பர் வளையம் பொருத்துவதே பத்தொன்பது வருஷமாக அவள் வேலை. இயந்திரக் கைகள் வந்திறங்கிய பிறகு, நான்கு மாதத்துக்கு முன்புதான் அவளைக் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

மேலாளர் வந்து பார்த்தார், கசிவு எவ்வளவு என்று கேட்டார். அதுவரை நூறு பம்புக்கு ஒன்பது ஒழுகிக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து ஒன்றுகூட ஒழுகவில்லை. நகலில் அவள் செய்ததைப் போலவே கூடத்து இயந்திரக் கையும் வளையத்தை வைத்து, கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிவிட்டு, அப்புறம்தான் மூடியை எடுத்தது. அதற்குக் கட்டைவிரலே கிடையாது என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. "இருந்துட்டுப் போகட்டும்," என்றார் மேலாளர். கூடம் மூன்று ஷிப்ட் ஓடியது. அவளும் மூன்று ஷிப்ட் ஓடினாள்.

வீட்டில் இருந்த வளையக்காவுக்கு இது எதுவும் தெரியாது. சலவைக்கடை ஒன்றில் அவளை வரச் சொல்லியிருந்தார்கள். போகிற நிலையில் அவள் இல்லை. காலையில் கண் விழித்தால் மூன்று பேர் வேலையை ஒருத்தியே பார்த்ததுபோல உடம்பை அடித்துப் போட்டிருந்தது. முழங்கால் இரண்டும் வீங்கின. விரல் நுனியில் ரப்பர் வாடை. எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகவில்லை. மருத்துவர் நன்றாக ஓய்வெடுக்கச் சொன்னார். "நாலு மாசமா அதைத் தவிர வேற ஒண்ணும் எடுக்கலையே டாக்டர்," என்றாள். அவள் கணவர் தையற்காரர். தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு வந்து ஒரு நாளைக்கு நாலு தரம் அவளுக்குக் காலைப் பிடித்துவிட்டார். சலவைக்கடையில் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறியாளர் மடிக்கணினியோடு வந்து நின்றார். திரையில் எதையோ பெரிதாக்கிப் பார்த்தபோது அவளுடைய வீங்கிய முழங்கால் கண்ணில் பட்டதாம். அதற்குப் பிறகு மனசு கேட்கவில்லையாம். தையல் மேஜைமேல் துணிகளை ஒதுக்கிவிட்டுத் திறந்து காட்டினார். வளையக்கா இமைக்காமல் பார்த்தாள்.

"இவ எப்ப வீட்டுக்குப் போவா?"

"போக வழியில்லக்கா. நாங்க கூடத்தை மட்டும்தான் வரைஞ்சோம். கதவு இருக்கு, திறந்தா அந்தப் பக்கம் ஒண்ணும் கிடையாது. அஞ்சு மணி ஆனா எழுந்து போவாங்க, திறந்து பாப்பாங்க, திரும்ப வந்து உக்காந்துருவாங்க. தினமும்."

தையற்காரர் அறுக்க வேண்டாத ஒரு நூலை அறுத்தார். மறுபடி அழித்துப் பார்க்கட்டுமா என்று பொறியாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒரு தடவை அனுப்பினது போதும்," என்றாள் வளையக்கா. "வாசலுக்கு வெளிய ரோடு போடுங்க."

மறுநாள் அவளே தொழிற்சாலைக்குப் போனாள். மேலாளர் மரியாதையாக நாற்காலி போட்டார். "அம்மா, அது வெறும் படம்," என்றார். "படம் வேலை பாத்தா என் முழங்கால் எதுக்கு சார் வீங்கணும்?" என்று கேட்டாள். அவர் கணினியில் இடம் போதாது என்றார், தலைமை அலுவலகம் ஒத்துக்கொள்ளாது என்றார், பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று பத்தொன்பது வருஷத்தில் அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. வரவேற்பறை நாற்காலியில் போய் உட்கார்ந்து இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டாள். அங்கே இருக்கும் அலுப்பு இங்கே வரும் என்றால், இங்கே இருக்கும் சும்மாவும் அங்கே போகும் என்பது அவள் கணக்கு. காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை கட்டிய கையை அவிழ்க்கவில்லை. மூக்கு அரித்தது, கையை எடுக்கவில்லை. மதியம் தையற்காரர் வந்து ஸ்பூனால் ஊட்டிவிட்டுப் போனார். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் நகலில் இருந்தவள் ஒரு வளையத்தைக் கீழே போட்டாள். மூன்றாம் நாள் பதினேழு. நான்காம் நாள் பதினொரு மணிக்கு அவளும் கையைக் கட்டிக்கொண்டாள். கூடத்தில் இயந்திரக் கை பாதி உயரத்தில் நின்றது. அதன் பின்னால் நாற்பது பம்புகள் மூடியில்லாமல் வரிசை கட்டி நின்றன.

மேலாளர் அன்று சாயங்காலம்வரை தாக்குப்பிடித்தார். அதற்குமேல் முடியவில்லை.

பொறியாளர் பதினொரு நாள் அளந்தார். தொழிற்சாலை வாசல், சாலை, நிறுத்தம், பதினாலாம் நம்பர் பேருந்தின் முப்பத்தாறு இருக்கைகள், அவள் தெரு, மாடிப்படியில் உயரம் தப்பிய மூன்றாவது படி எல்லாவற்றையும் அளந்தார். வீட்டுக்குள் அளக்கும் கருவியை வைத்துவிட்டு, தையற்காரரைக் கொஞ்சம் தள்ளிப்போகச் சொன்னார்.

"நான் எதுக்குத் தள்ளிப்போகணும்? வெறும் வீட்டுக்கு வந்து அவ என்ன பண்ணுவா?"

கழுத்தில் அளவு நாடாவோடு அவரும் நகலுக்குள் போனார்.

புதன்கிழமை ஐந்து மணிக்கு நகலில் இருந்தவள் எழுந்து கதவைத் திறந்தாள். வழக்கம்போலத் திரும்பத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். வெகுநேரம் நின்றாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். அலுவலகம் மொத்தமும் திரைக்கு முன்னால் நின்று, பேருந்து திருப்பத்தில் மறையும்வரை பார்த்தது. மறுநாள் எட்டு மணிக்கு வந்துவிட்டாள். ஏழாவது மேடை எட்டு முதல் ஐந்துவரை மட்டும் ஓடும் என்று மேலாளர் பலகையில் எழுதி மாட்டினார். தலைமை அலுவலகம் ஏனென்று கேட்டதற்கு, பேருந்து நேரம் அப்படி என்று பதில் போனது.

வளையக்காவின் வீக்கம் மூன்று வாரத்தில் வடிந்தது. சலவைக்கடைக்காரர் கூப்பிட்டு அனுப்பினார்; இந்தத் தடவை போய்ச் சேர்ந்தாள். நகலைப் பார்க்கப் போவதுண்டா என்று யாராவது கேட்டால், "எதுக்கு? அவளுக்கு வேலை இருக்கும்," என்பாள். அடுத்த வருஷம் நகலின் மூன்றாவது மேடையில், முன்பு அங்கே வர்ணம் பூசியவர் வந்து உட்கார்ந்தார். அதற்கடுத்த வருஷம் எடை பார்த்த அண்ணனும், அவர் தங்கையும். அப்புறம் வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள். பொறியாளர் யாரையும் கேட்காமல் அவரவர் தெருவை அளந்து வரைந்தார். சென்ற மாதம், நகலின் சாயங்காலப் பேருந்தில் நிற்கக்கூட இடமில்லை, பாதிப் பேர் படியில் தொங்குகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தார். மேலாளர் படித்துப் பார்த்து, ஐந்தேகாலுக்கு இன்னொரு பேருந்து விடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.