பாதியில் நின்ற வெடி

ஆர்வோவின் துப்பாக்கி வெடித்தது மான் வேட்டை தொடங்கும் நவம்பர் பதினைந்தாம் தேதி, சூரியன் எட்டிப் பார்த்த நேரத்தில். அந்த வெடிப்பு இன்னும் முடியவில்லை. கிவிலாவில் இதை யாரும் பெரிய செய்தியாகச் சொல்வதில்லை. ஏரியில் பனிக்கட்டி பிடித்துவிட்டதா, உருளைக்கிழங்கு என்ன விலை என்று கேட்கிற வாயாலேயே, ஆர்வோவின் வெடி இப்போது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்றும் கேட்டுவிட்டுப் போவார்கள். அவன் மனைவி சைமாவுக்கு மட்டும் அது அப்படிக் கேட்டுவிட்டுப் போகிற விஷயமாக ஒரு நாளும் இருந்ததில்லை.

மிச்சிகனின் வடகோடியில் செம்புச் சுரங்கத்தை நம்பி ஃபின்லாந்திலிருந்து வந்தவர்கள் கட்டிய ஊர் அது. சுரங்கம் மூடிய பிறகும் ஊர் போக்கிடம் இல்லாமல் அங்கேயே இருந்துவிட்டது. குளிர்காலச் சட்டிக்குக் கறி என்றால் மான்தான். அதனால் வேட்டை தொடங்கும் நாளில் பள்ளிக்கூடம் கிடையாது, பாதிரியார் ஜெபத்தைச் சுருக்கிக்கொள்வார், கல்யாணம் வைக்கிறவனை ஊரே திட்டும். ஆண்கள் எல்லோரிடமும் இருந்தது ஒரே ரகத் துப்பாக்கி. முதல் உலகப் போருக்குப் பிறகு ராணுவம் மலிவாகக் கழித்துக் கட்டியது. ஒருவன் தோட்டா தீர்ந்தால் அடுத்தவன் பையில் கைவிட்டு எடுத்துக்கொள்வான். எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தியதால், தோட்டாவைத் திருப்பிப் பார்க்கிற பழக்கமே அந்த ஊரில் யாருக்கும் இல்லை.

பழக்கம் இல்லாததோடு, பார்ப்பது அவமரியாதையாகிவிட்ட ஒரு சமயமும் உண்டு. வேட்டைக் கூட்டாளி ஒருவன் செத்துப்போனால், அவன் சட்டைப் பையில் மிச்சமிருக்கும் தோட்டாக்களை அவன் மனைவி கொண்டுவந்து கூட்டாளிகளுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுப்பாள். அடுத்த பருவத்தின் முதல் காலையில், அதைத் தன் துப்பாக்கியில் போட்டு, எதிரே மான் நிற்பதுபோலக் கன்னத்தை அதன் மரக்கட்டையில் பதித்துக் குறி பார்த்து, வானத்தில் சுட வேண்டும். செத்தவனும் பருவத்தைத் தொடங்கிவிட்டான் என்று அர்த்தம். அந்தத் தோட்டாவைப் புரட்டிப் பார்க்கக் கூடாது. செத்தவன் கொடுத்ததைச் சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோலப் பார்ப்பதா? கையுறையோடு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தள்ளுவார்கள்.

அந்த வருஷம் செத்தவன் ஓன்னி, ஆர்வோவின் உயிர் நண்பன். இரண்டாம் போருக்குப் போய் ஜெர்மன் துப்பாக்கி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவன். அது பல வருஷம் சுவரில் சும்மா தொங்கியது. பழைய துப்பாக்கியின் கட்டை விரிசல் விட்டதும் அதை இறக்கிக் காட்டுக்குக் கொண்டுபோனான். வசந்தத்தில் நீராவிக் குளியலறைப் பலகையிலேயே மாரடைத்து உட்கார்ந்தபடி போய்விட்டான். அவன் மனைவி ஹில்யா சட்டைப் பையைக் கவிழ்த்து, விழுந்ததைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துவந்தாள். அவளுக்குத் தோட்டா என்றால் தோட்டா.

ஜெர்மன் தோட்டா இவர்களுடையதைவிட ஒரு பட்டாணி அகலம் குட்டை. அதன் குண்டு மட்டும் கொஞ்சம் தடிமன். நீளமாக இருந்திருந்தால் உள்ளே போக மறுத்திருக்கும், ஆர்வோவும் நாலு கெட்ட வார்த்தை சொல்லித் தூக்கி எறிந்திருப்பான். குட்டையாக இருந்ததால் சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்தது. குழலின் பின்வாயை அடைக்கிற இரும்புத் தாழான போல்ட்டும் மறுப்பே சொல்லாமல் மூடிக்கொண்டது. தடித்த குண்டு மெலிந்த குழலுக்குள் எப்படிப் போகும்? முன்னால் வழியில்லாத நெருப்பு பின்னால் திரும்பும், பின்னால் இருப்பது சுடுகிறவனின் முகம்.

செத்தவனுக்கான சூட்டைப் பார்க்கப் பெண்களும் காப்பிக் கூஜாவோடு காட்டோரம் வருவார்கள். சைமா பத்தடி தள்ளி நின்றாள். நெருங்கிய நண்பன் முதலில் சுட வேண்டும் என்பதால் மற்ற மூன்று பேரும் தங்கள் தோட்டாவை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். ஆர்வோ விசையை இழுத்தான். சத்தம் தொடங்கியது, பாதி வார்த்தையில் வாயைப் பொத்தியதுபோல நின்றுவிட்டது. குழல் பூசணிப்பூவாகப் பிளந்து விரிந்திருந்தது. கட்டையிலிருந்து கிளம்பிய சிலாம்புகளும் பித்தளைச் சில்லுகளும் அவன் முகத்தைச் சுற்றி அந்தரத்தில் நின்றன. குழந்தை உள்ளங்கை அளவு நெருப்பு ஒன்று அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் அணையாமலும் வளராமலும் நின்றது. பிய்த்துக்கொண்டு வந்த போல்ட், அவன் வலது கண்ணுக்கு மூன்று விரல் தூரத்தில் நின்றது. ஆர்வோ மெல்லக் கைகளை விலக்கிக்கொண்டான். துப்பாக்கி விழவில்லை.

"அசையாத," என்றாள் சைமா.

"நான் எங்க அசையறேன்? பின்னால போனா அதுவும் கூடவே வருது."

மற்ற மூன்று பேரும் தங்கள் துப்பாக்கிகளைத் திறந்து தோட்டாக்களைப் பனியில் உதிர்த்தார்கள். அப்போதுதான் முதன்முதலாக அவற்றைப் புரட்டி, அடியில் பொறித்திருந்த எழுத்தைப் படித்தார்கள். இரண்டு பேருடையதில் வேறு நாட்டு எழுத்து இருந்தது. ஒருவன் மரத்தடிக்குப் போய் வாந்தி எடுத்தான்.

ஊர் பயந்தது. சுரங்கத்தில் உழைத்தவர்களுக்கு வெடித்த வெடியைப் பற்றிக் கவலையில்லை. வைத்து வெடிக்காமல் கிடக்கிற வெடிதான் ஆளைத் தின்னும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆர்வோ தெருவில் வந்தால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் மாறிக்கொண்டார்கள். வைத்தியர் வந்து தலைவலி மாத்திரை கொடுத்துவிட்டு, கதவுவரை புறமுதுகு காட்டாமலே நடந்து போனார். முடிவெட்டுகிறவர் மறுத்துவிட்டதால் சைமாவே வெட்டிவிட்டாள். ஆனால் பயத்துக்கும் தினமும் வேலைக்கு வர அலுத்துப்போகிறது. இரண்டு குளிர்காலம் கழிவதற்குள் தேவாலயத்தில் அவனுக்கு வரிசை ஓரத்தில் ஓர் இடம் ஒதுக்கிவிட்டார்கள். பிள்ளைகள் அவன் நெருப்பில் கையுறை காயவைத்தார்கள், தாய்மார்கள் பார்க்கிறவரை.

சைமா தினமும் காலையில் முதல் வேலையாக, போல்ட்டுக்கும் அவன் கண்ணுக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்ப்பாள். முதல் மாதங்களில் மூன்று விரலும் தாராளமாகப் போயின. ஒரு நாள் காலையில் மூன்றாவது விரல் இடித்தது. முந்தின ராத்திரி பக்கத்து வீட்டுக்காரன், கோழி பிடிக்க வந்த நரியைச் சுட, இழுப்பறையில் கைக்குக் கிடைத்த தோட்டாவைப் பார்க்காமல் போட்டிருந்தான். வசந்தத்தில் மறுபடி இடித்தது. முந்தின நாள் வேறொருவன் அதையே செய்திருந்தான். சைமாவுக்குக் கணக்குப் புரிந்தது. ஊரில் எவனாவது தோட்டாவைப் படிக்காமல் துப்பாக்கியை மூடினால், அவள் புருஷன் முகத்தில் அந்த இரும்பு ஒரு மயிரிழை முன்னால் வருகிறது. பொருந்தாத தோட்டாவாக இருந்தால் எவ்வளவு வரும் என்று நினைத்துப் பார்க்க அவள் விரும்பவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் பருவத்துக்கு முந்தின நாள் அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். துப்பாக்கியில் இருக்கிற எழுத்தையும் தோட்டா அடியில் இருக்கிற எழுத்தையும் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். அதுவரை ஊற்றிய காப்பியைத் தொட மாட்டாள். அந்த வீடுகளில் காப்பியை வேண்டாம் என்பது, செருப்பைக் கழற்றி அடிப்பதைவிடப் பெரிய அவமானம்.

"வந்துட்டாங்கப்பா தோட்டா டீச்சரம்மா," என்பார்கள். "ஏம்மா, மானுக்கும் பேர் கேட்டுட்டுத்தான் சுடணுமா?"

"மானுக்கு வேணாம். உன் பொண்டாட்டி என்னை மாதிரி விரலை விட்டு அளந்துக்கிட்டு இருக்கக் கூடாதுன்னா, படி."

படித்தார்கள். ஒரு வீட்டை மட்டும் அவள் தாண்டிப் போவாள். ஹில்யா அந்த ஜெர்மன் துப்பாக்கியைப் பழைய சுரங்கக் குழியில் வீசிவிட்டாள், வீட்டில் வேறு துப்பாக்கியும் இல்லை. அன்றிலிருந்து இரண்டு பெண்களும் பேசிக்கொண்டதில்லை. சனிக்கிழமைதோறும் ஏலக்காய் ரொட்டி ஒன்றைச் சைமாவின் வாசல் கேட்டில் மாட்டிவிட்டு ஹில்யா திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். அந்த ரொட்டியைச் சைமா ஒரு நாளும் வீணாக்கியதில்லை, ஒரு நாளும் நன்றி சொன்னதுமில்லை.

வருஷங்கள் போயின. அவள் வராத நாட்களில் எவனாவது மறந்தான்; மூன்று விரல் இரண்டாகி, இரண்டு ஒன்றாகியது. ஒரு சாயங்காலம் ஆர்வோ சொன்னான்: "ஏரி உறைஞ்சதும் நான் பாட்டுக்கு நடந்து போயிடறேன் சைமா. யாரும் இல்லாத இடத்துல முடியட்டும்."

"போ. நானும் கூட வரேன். அப்புறம் ஹில்யா யாருக்கு ரொட்டி சுடுவா?"

அவன் சிரித்தான். அவள் கொல்லைக்குப் போய், விறகு எடுக்கிற சாக்கில் அழுதுவிட்டு வந்தாள்.

அடுத்த பருவத்துக்கு ஹில்யாவின் தங்கை புருஷன் ரெய்னோ டெட்ராய்ட்டிலிருந்து வந்தான். கார்த் தொழிற்சாலையில் வேலை போனவன், கையில் ஊர்க்காரர்களிடம் இருக்கிற அதே ரகத் துப்பாக்கி. சைமா அவனைக் கடையில் வைத்து மடக்கினாள்.

"எங்க ஊர்ல தோட்டாவுக்கு யாரும் பரீட்சை வைக்கறதில்லக்கா," என்றான்.

"இங்க வைப்போம். எழுத்துக் கூட்டியாவது படி தம்பி."

டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தான். எல்லாம் சரியாகவே இருந்தது. சைமா வீட்டுக்குப் போனாள். அன்று ராத்திரி குளிர் ஏறியதும் ஹில்யா, பெட்டியிலிருந்த ஓன்னியின் சிவப்புக் கம்பளிச் சட்டையை எடுத்து ரெய்னோவுக்குக் கொடுத்தாள். அதன் பையில் ஓர் ஓட்டை இருந்தது, ஓட்டை வழியாக உள்துணிக்குள் நழுவிய ஒரு தோட்டா அத்தனை வருஷமும் அங்கேயே கிடந்தது. இது ஹில்யாவுக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் ரெய்னோ சுட்டதெல்லாம் தவறியது. பை காலியான நேரத்தில் பெரிய கொம்பு மான் ஒன்று எதிரே வந்து நின்றது. தடவிய விரல் உள்துணிக்குள் நுழைந்து, ஒன்றைப் பிடித்தது. உள்ளே தள்ளினான். சமர்த்தாகப் போய் உட்கார்ந்தது.

அந்த நேரம் சைமா அடுக்களையில் ஆர்வோவுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். போல்ட் நகர்ந்தது. மயிரிழை கணக்கெல்லாம் இல்லை, இழுப்பறையை மூடுவதுபோல ஒரே சீராக வந்தது. நின்றுபோயிருந்த சத்தத்தின் மிச்சம் எங்கிருந்தோ முனகத் தொடங்கியது. பாத்திரங்கள் அதிர்ந்தன. காப்பிக் கூஜா தரையில் விழுந்தது. சைமா தன் வலது கையால் அவன் கண்ணைப் பொத்தினாள். இரும்பு அவள் புறங்கையில் வந்து முட்டி, தோலை அழுத்தியது.

"கையை எடு சைமா."

"மாட்டேன்."

"கை போயிடும்டி."

"போகட்டும். இன்னொண்ணு இருக்கு."

எலும்பு நெரிவது அவளுக்கே கேட்டது. அவள் கண்ணை மூடவில்லை. அப்புறம் இரும்பு நின்றது. முனகலும் நின்றது.

காட்டில் ரெய்னோ விசையில் விரலை வைத்துவிட்டான். ஆனால் முந்தின நாள் அந்தப் பொம்பளை கடைக்காரர் நீட்டிய காப்பியைத் தொடாமல் நின்ற நிற்பு அவன் நினைவுக்கு வந்து தொலைத்தது. சனியன் என்று திட்டிக்கொண்டே போல்ட்டைத் திறந்து, தோட்டாவை எடுத்துப் புரட்டினான். எழுத்தைப் படித்தான். பனியிலேயே உட்கார்ந்துவிட்டான். மான் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனது.

மத்தியானம் தோட்டாவைக் கையுறைக்குள் பொத்திக்கொண்டு அவன் சைமாவின் வீட்டுக்கு வந்தான். பின்னாலேயே ஹில்யாவும் வந்தாள். அடுக்களை வாசலில் நின்று அந்தக் கையையும் இரும்பையும் பார்த்தாள். தரையைத் துடைத்து, புதிதாகக் காப்பி போட்டு, கோப்பையைச் சைமாவின் இடது கையில் கொடுத்தாள்.

"சக்கரை ஜாஸ்தி," என்றாள் சைமா. ஹில்யா உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

வெடியை நிறுத்தியது சைமாவின் கையா, ரெய்னோ போல்ட்டைத் திறந்ததா என்று கடையில் இன்றைக்கும் வாக்குவாதம் நடக்கிறது. ரெய்னோ தன் பேரைச் சொல்வான்; அது ஹில்யாவின் காதில் விழுந்தால் கரண்டியைத் தூக்குவாள். கையை எடுத்துத்தான் பாரேன் என்று சைமாவிடம் யாரும் சொன்னதில்லை. அவள் ஆர்வோவின் இடப்பக்கமாகவே நடக்கிறாள், தேவாலயத்திலும் அப்படித்தான் உட்காருகிறாள். நெருப்புப் பட்டு அவள் சட்டைக் கையில் பொத்தல் விழுந்தால் ஹில்யா ஒட்டுப்போடுகிறாள். மாவு பிசைவது, பின்னல் போடுவது எல்லாம் அவள் சொல்லச் சொல்ல ஆர்வோவின் கைகள் செய்கின்றன. பின்னல் மட்டும் இன்னும் கோணல். அவளால் வீடு வீடாகப் போக முடியாததால், பருவத்துக்கு முந்தின நாள் ஊர் ஆண்கள் அவள் அடுக்களைக்கு வந்து வரிசையில் நின்று, தோட்டாக்களைப் படித்துக் காட்டிவிட்டுக் காப்பி குடித்துப் போகிறார்கள்.

எல்லோரும் போன பிறகு அவள் புறங்கையில் இரும்பு இருக்கிறது, உள்ளங்கையில் அவன் இமை அடித்துக்கொள்கிறது. அது அடிப்பது நின்றால் அவன் தூங்கிவிட்டான் என்று தெரிந்துகொண்டு அவளும் தூங்குவாள்.