பலகையில் ஏறாத நான்கு பேர்

"அவங்க நாலு பேரும் ஆளுங்க இல்லையாம்மா?" என்று ஆறு வயது ஜோனி கோஸ்டர் கேட்டது 1961 செப்டம்பரில், ஃபேர்ஹோம் ஊர்ப்பலகையை அவர்கள் கார் கடந்தபோது. சிகாகோவுக்குத் தெற்கே உள்ள எங்கள் புறநகரின் பலகையில் மக்கள்தொகை தானாகவே மாறும்; யாரும் வண்ணம் பூசுவதில்லை. புதிதாகக் குடிவந்த வீட்டுக்குத் தெருப் பெண்களில் ஒருத்தி நூடுல்ஸும் சூரை மீனும் சேர்த்துச் சுட்ட கண்ணாடிப் பாத்திரத்தோடு போய் வரவேற்றால், மறுநாள் அந்த வீட்டின் தலைகள் எண்ணில் கூடியிருக்கும். பாத்திரத்தின் அடியில் சொந்தக்காரியின் பெயர் ஒட்டியிருக்கும். கழுவி, வேறு ஏதாவது நிரப்பித் திருப்பித் தர வேண்டும். நான்கு பேர் கொண்ட டாலிவர் குடும்பம் வந்து மூன்று வாரமாகியும் எண் 9,214லேயே நின்றது. ஃபேர்ஹோமுக்கு வந்த முதல் கறுப்பினக் குடும்பம் அது. ஜோனியின் அம்மா வெர்னா, "ரோட்டைப் பாரு" என்றாள், காரை ஓட்டியது அவள்தான் என்றாலும்.

வீட்டுத் தரகர்கள் சாப்பாட்டு நேரம் பார்த்துத் தொலைபேசினார்கள். "மிஸஸ் கோஸ்டர், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இன்னைக்கு வித்தா பதினெட்டாயிரம் டாலர். அடுத்த வசந்தத்துல பன்னெண்டுகூடத் தேறாது." கறுப்பினத்தவர் வந்தால் வீட்டு விலை விழும் என்று பயந்தவர்களிடம் பதின்மூன்றுக்கு வாங்கி, கறுப்பினத்தவர்களுக்கு இருபதுக்கு விற்றார்கள். சாமான் லாரி ஒவ்வொன்றும் கிளம்பியபோது எண் இறங்கியது. அப்படிப் போய் எண்ணை இறக்கியவர்களில் நாங்களும் உண்டு. வந்தவர்கள் ஆசிரியைகள், தபால்காரர்கள், எஃகு ஆலை மேஸ்திரிகள். போனவர்களைவிட அவர்களுக்கு வருமானம் கூடுதல் என்று அரசாங்கக் கணக்கே சொன்னது. 1970இல் அந்தக் கணக்குப்படி ஊரில் 9,800 பேர், பலகையில் 41. வெர்னா கிளம்பாதது நற்குணத்தால் அல்ல. அவள் கணவர் ரே, நல்ல விலை வரட்டும் என்று காத்திருந்தே இறந்துபோனார்.

வெர்னாவின் வெட்கம் சமையலறைக் கீழ்த்தட்டில் இருந்தது. 1962 பிப்ரவரியில் அவள் நுரையீரல் காய்ச்சலில் கிடந்தபோது, தேவாலயத் தோழிகள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். யூலா டாலிவர் மட்டும் பீச் பழம் சேர்த்துச் சுட்ட இனிப்புப் பாத்திரத்தோடு பின்வாசலுக்கு வந்தாள். "முன்னால வந்தா தெருவே பாக்கும், உங்களுக்குத்தான் சங்கடம்" என்று நீட்டினாள். வெர்னா திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, மூன்று நாளில் அந்த இனிப்பைத் தின்று தீர்த்தாள். பாத்திரத்தைத் திருப்பித் தரவில்லை. எடுத்துக்கொண்டு போனால் தெரு பார்க்குமே என்று நாளை, நாளை என்றிருந்தாள். தெருவில் பார்ப்பதற்குப் பழைய ஆட்கள் ஒருவரும் இல்லாமல் போன பிறகும் அவள் போகவில்லை. அப்போது பயம் போய், காலதாமதம் தடுத்தது.

1972 இலையுதிர் காலத்தில் கல்லூரியிலிருந்து ஜோனி வந்தாள். பலகையில் 1 என்றிருந்தது. சாப்பாட்டு மேசையில், "அம்மா, அந்த ஒண்ணு நீதானா?" என்றாள். வெர்னா உப்புக் குப்பியைத் தேடுவதுபோல எழுந்து போனாள்.

மறுநாள் ஞாயிறு, மழை. ஜோனி தூங்கிக்கொண்டிருந்தாள், ஊர் முழுக்கத் தேவாலயத்தில் இருந்தது. முழங்கால் வலியால் யூலா மட்டும் வீட்டில் இருந்தாள். வெர்னா அந்தப் பாத்திரத்தில் நூடுல்ஸும் சூரை மீனும் சுட்டு எடுத்துக்கொண்டு, தெருவைக் கடந்து, முன்வாசல் மணியை அடித்தாள்.

யூலா பாத்திரத்தைத் தூக்கி அடியில் பார்த்தாள். தன் பெயர் மங்காமல் இருந்தது.

"பத்தரை வருஷம்" என்றாள். "உங்களுக்குக் கொடுத்ததையே மறந்துட்டு, இதுக்காக என் நாத்தனாரைத் திருடின்னு நினைச்சுட்டேன். பாவம், அவகூட ரெண்டு கிறிஸ்துமஸ் பேசல."

"என்னை மன்னிச்சிருங்க, மிஸஸ் டாலிவர்."

யூலா விரலால் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தாள். "உப்பே இல்லையே." வெர்னாவின் நனைந்த தலையைப் பார்த்தாள். "சரி, உள்ள வாங்க. உப்பு என்கிட்ட இருக்கு."

இதைக் கடவுள் பார்த்திருப்பார். வேறு யாரும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை பலகையில் 5 என்றிருந்தது. வெர்னா அதைக் கடந்து கடைக்குப் போய், ஆறு பொட்டலம் நூடுல்ஸ் வாங்கினாள்.